பன்னிரண்டு வோல்ட்

"எங்கேயோ ஒரு திருட்டு ஒயர் ஓடுது. அதை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க, போதும்," என்றார் வாத்தியார்.

மெக்கானிக் பையை இறக்கி வைத்துவிட்டு மாடியை அண்ணாந்து பார்த்தான். நான்கு சோலார் பலகைகள். பக்கத்தில் கம்பத்தின் உச்சியில் ஒரு காற்றாடி. கரண்டுக் கம்பி வராத அந்த மேட்டில், வெயிலும் காற்றும் சேர்ந்துதான் ஒரே பேட்டரியை நிரப்பி இரண்டு குடித்தனத்துக்கு விளக்கெரிக்க வேண்டும். முன்கட்டில் ஓய்வு பெற்ற பிசிக்ஸ் வாத்தியார். பின்கட்டில் அவருடைய தம்பி மனைவி. தம்பிக்குக் கப்பலில் வேலை. அவள் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறாள்.

காற்றாடி போன மாதம் வந்தது. வாத்தியார் தன் கையாலேயே மாட்டினார். மெக்கானிக்குக்கும் அதைப் பாடமாகவே நடத்தினார். பேட்டரி நிறைந்தால் சோலாரை நிறுத்திவிடலாம்; காற்றாடியை அப்படி அவிழ்த்துவிட்டால் பேய் பிடித்த மாதிரி சுற்றி இறக்கையை ஒடித்துக்கொள்ளும். அதனால் நிறைந்தது போக மிச்சக் கரண்டை இந்தச் சின்னப் பெட்டி வெந்நீர் டிரம்முக்குத் திருப்பிவிடும்.

"செலவில்லாம வெந்நீர்க் குளியல். இன்னிக்குக் காலையில தோல் உரியற சூடு."

"அப்புறம் என்ன சார் குறை?"

"பொழுது சாஞ்சதும் விளக்கு மங்கிடுது. வெறும் சோலார் இருந்தப்பவே பத்து மணி வரைக்கும் எரியும்."

வாத்தியார் குரலைத் தாழ்த்தி, பின்கட்டை மோவாயால் காட்டினார். தையல் மெஷின் மோட்டாரை அவள் கமுக்கமாக ஓட்டுகிறாளாம். திங்கட்கிழமை, துணி கொடுக்க வந்த நாலு பேர் முன்னாலேயே கேட்டாராம். அவள் வாயே திறக்கவில்லையாம். பின்கட்டு ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாராம்.

"பிடுங்கியும் மங்குதுன்னா, வேற ஒயர் இழுத்திருக்கான்னுதானே அர்த்தம்?"

மெக்கானிக் சுவரோரமாக ஒயரைத் தொடர்ந்து போனான். டிரம்மைத் தொட்டான். பெட்டியைத் திறந்து ஒரு திருகைத் திருகினான். பத்தே நிமிஷம்.

"திருட்டு ஒயர் எதுவும் இல்ல சார். பெட்டியில கோளாறு. சரி பண்ணிட்டேன். அவங்க ஃபியூஸைப் போட்டுடுங்க."

வாத்தியாருக்கு முகம் சுருங்கிப்போனது. ஃபியூஸைப் போட்டுவிட்டுப் பின்கட்டு வாசலில் போய் நின்றார். அவள் மணிக்கட்டில் துணியைக் கட்டிக்கொண்டு, மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தாள். நாளை மறுநாள் பள்ளி திறக்கிறது. தைக்காத சட்டைகள் இடுப்புயரம் கிடந்தன.

மன்னிச்சுக்கோ என்ற சொல் தொண்டை வரை வந்தது.

"பெட்டியில கோளாறாம்மா. கம்பெனிக்காரன் பண்ணின வேலை," என்றார், சட்டைக் குவியலைப் பார்த்தபடி.

"பரவாயில்ல மாமா. இனிமே சீக்கிரம் முடிச்சுடுவேன்."

அந்தப் 'பரவாயில்ல' அவரைத் துரத்திக்கொண்டே முன்கட்டு வரை வந்தது. யார் மேலாவது அதை இறக்கி வைக்க வேண்டியிருந்தது. கம்பெனிக்கு நாலு பக்கம் எழுதப்போவதாகச் சொன்னார். பெட்டியைச் சோதித்து அனுப்பியவன் எவனோ, அவனுக்கு வேலை போகாமல் விடமாட்டாராம்.

மெக்கானிக் பையின் ஜிப்பைப் பாதியில் நிறுத்தினான்.

"எழுதாதீங்க சார். பெட்டி நல்லாத்தான் இருக்கு. பன்னண்டு வோல்ட் பேட்டரிங்கறதால, டிரம்முக்குத் திருப்பற அளவை நீங்க பன்னண்டுல வெச்சுட்டீங்க. பதினாலு தாண்டினாத்தான் பேட்டரி நிறைஞ்சதுன்னு கணக்கு. பன்னண்டுன்னா ஏறக்குறைய காலி. ரெண்டு வீட்டுக் கரண்டும் ஒரு மாசமா உங்க டிரம்முலதான் கொதிச்சுக்கிட்டு இருந்துது."

வாத்தியார் டிரம்மைத் திரும்பிப் பார்த்தார். காலையில் குளித்த சூடு முதுகில் இன்னும் மிச்சமிருந்தது.

"அப்புறம் ஏன்ப்பா பெட்டியில கோளாறுன்னு சொன்னே?"

பின்கட்டில் மெஷின் மோட்டார் ஓட ஆரம்பித்தது. மெக்கானிக் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான்.

"நீங்க ஃபியூஸைப் பிடுங்கின அன்னிக்கே அவங்க டிரம்மைத் தொட்டுப் பாத்து, கரண்டு எங்கே போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு எனக்குப் போன் பண்ணிட்டாங்க சார். 'எங்க மாமா முப்பது வருஷம் பிசிக்ஸ் சொல்லிக்குடுத்தவரு. அவரு கூப்பிட்டா வந்து, பெட்டியில கோளாறுன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடுங்க'ன்னாங்க."