நாலாம் சானல்

ஃபிளாஷை எட்ட இருந்தே எரியவைக்கும் ரேடியோ டிரிக்கருக்கு அய்ரான் மோர் ஊட்டிக் கொன்றவன் நானேதான். புதிது வாங்க, பக்கத்து ஸ்டுடியோ ருமெனிடம் யோசனை கேட்டேன்.

"பூட்டு வெச்சதா வாங்குங்கண்ணே. வெளி சிக்னல் உள்ள நுழையாது."

"வேணாம்டா. பழையபடி நாலாம் சானல் திறந்தே கிடக்கட்டும்."

என் தெஸிஸ்லாவா இறந்த மறுவாரத்திலிருந்து, யாரும் தொடாமலே ஃபிளாஷ் தினமும் ஒருமுறை பளிச்சிட்டுவந்தது. "வந்துட்டியா?" என்று சிரிப்பேன். பெண்டாட்டியை வெளியே நிறுத்திப் பூட்டுவதா? அதையும் சொன்னேன்.

ருமென் முகம் வெளுத்தது. "பூட்டுனதையே வாங்குங்கண்ணே."

"ஏன்டா? பேய்னா பயமா? நேராச் சொல்லு."

"நான்தாண்ணே அது. என் டிரிக்கரும் நாலாம் சானல். மொதல் நாள் தெரியாம அமுக்கினேன். நீங்க சிரிச்சது சுவர் தாண்டிக் கேட்டுச்சு. அப்புறம் தினமும் வேணும்னே அமுக்கினேன். திங்கக்கிழமை வர்னாவுக்குக் குடிபோறேன். அண்ணி வராததுக்கு அந்தப் பூட்டு மேல பழி விழட்டுமேன்னுதான்..."