கண்ணை மூடாத ஆள்

தியானத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருக்க, ஜொகூர் பாருவிலிருந்து இடம் பார்க்க வந்தவர் மட்டும் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மலேசியாவில் லாபிஸ் காட்டோரம் லெட்சுமணன் நடத்தும் அந்த யோகா முகாமில் மின்சாரம் இல்லை. கைப்பேசிக்கு லைன் இல்லை. லைசென்சும் இல்லை.

"கிணத்தை எட்டிப் பாத்தாரு. கக்கூஸ் கதவைத் தட்டிப் பாத்தாரு. லைசென்ஸ் செக் பண்ற கவுன்சில் ஆளுதான் லா," என்றாள் மனைவி செல்வராணி. "மாட்டினா இழுத்து மூடிருவாங்க."

மத்தியானம் அவரே வந்து உட்கார்ந்தார். "பிஸ்னஸ் நல்லா ஓடுதா?"

"பிஸ்னஸா? தெரிஞ்சவங்க சும்மா வந்து தங்குறாங்க," என்றார் லெட்சுமணன்.

"வருமானமே கிடையாதுங்க," என்றாள் செல்வராணி.

"அந்தத் தம்பி கிளாஸ் எடுக்குதே?"

"எங்க மகன் ரூபேந்திரன்," என்றார் லெட்சுமணன். "கிளாஸெல்லாம் இல்லங்க. வேலைவெட்டி இல்லாம தின்னுட்டுத் தூங்குறவன். பொழுது போகாம கையக் கால ஆட்டுவான். பாக்குறவங்க சேந்து ஆட்டுறாங்க."

வந்தவர் தலையாட்டிக்கொண்டே எழுந்தார். லெட்சுமணனுக்கு மூச்சு வந்தது.

"மறைக்காம சொன்னீங்க, நன்றி. போன மாசம் இங்க யோகாவுக்கு வந்த என் மக, கட்டினா உங்க மகனைத்தான் கட்டுவேன்னு நிக்குது. நல்லவேளை, விசாரிக்காம விட்டிருந்தா பொண்ணைக் குடுத்திருப்பேன்."