பானட்டின் சூடு

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சாவியைக் கேட்பதற்கு முன் பானட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். முன்கூட்டியே ஓடவிட்டு வைத்த எஞ்சின் தன் கோளாறுகளைக் காட்டாது. அருள்தாசனும் கையை வைத்தான். சுட்டது.

ஊர் ஊராக அலைந்து கண்டுபிடித்த கார் அது. இதை விட்டால் அந்த மாடலில் இன்னொன்று கிடைக்காது.

“காலைலயே ஸ்டார்ட் பண்ணிட்டீங்களாம்மா?”

“எங்க வீட்டுக்காரரு தவறுனதுலேருந்து இந்த ஷெட்டையே தொறக்கல தம்பி. இப்ப உங்க முன்னாடிதானே பூட்டுக்கு எண்ணெய் விட்டேன்?” என்றார் மரகதவல்லி.

விற்கிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். அவன் பானட்டைத் தூக்கினான். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் எலி கூடு கட்டியிருந்தது. நான்கு டயர்களும் காற்றிறங்கித் தரையோடு ஒட்டிக் கிடந்தன. ஷெட்டுக்குள் வெயில் விழவும் வழியில்லை. என்ன தந்திரம் செய்திருக்கிறார்கள் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. மூடிவிட்டு மறுபடி தொட்டான். சூடு குறையவில்லை.

“நீங்களே தொட்டுப் பாருங்க.”

மரகதவல்லி கையை வைத்தார். எடுக்கவில்லை.

“எங்கயும் போகலன்னுதான் சொல்வாரு. அவரு தூங்குனப்புறம் நானும் இப்படித்தான் வந்து தொட்டுப் பார்ப்பேன்.”

பிறகு அவனை வெளியே வரச்சொல்லி ஷெட்டைப் பூட்டினார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

“என்னம்மா, விலை பேசலையா?”

“விக்கிறதா இல்ல தம்பி. யார் வீட்டுக்குப் போறாருன்னு மொதல்ல தெரியட்டும்.”