பத்தடி மரியாதை

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் ராமதாஸ் வீட்டுக்கு டீ கொடுக்கும் ரோபோ வந்த நாளிலிருந்து, அந்தத் தெருவில் வேறு பேச்சே இல்லை. கோலம் போடும் சாக்கில் எட்டிப் பார்க்காத ஆளில்லை.

அது ஆளுக்குத் தகுந்த மாதிரி நடந்துகொண்டதுதான் காரணம். அவர் மனைவி சரஸ்வதியிடம் கைக்கெட்டும் தூரம்வரை வந்து, "டீ எடுத்துக்கோங்கம்மா" என்று மெதுவாகச் சொல்லும். ராமதாஸிடம் மட்டும் பத்தடி தள்ளி நின்று, "ஐயா, டீ!" என்று குரல் கொடுக்கும். அவர்தான் எழுந்துபோய் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

"மெஷினுக்கே தெரியுது பார், யாரு மொதலாளின்னு!"

சரஸ்வதிக்குத்தான் மண்டை குடைந்தது. சர்வீஸுக்கு வந்த ஹுமாவிடம் கேட்டேவிட்டாள். "ஏம்மா, இவருக்கு மட்டும் ஏன் இவ்ளோ மரியாதை?"

"சத்தமா சொல்லும்மா, தெரு பூரா கேக்கட்டும்," என்றார் ராமதாஸ்.

ஹுமா லேப்டாப்பைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "மரியாதை இல்லீங்க சார். வீட்டுல இருக்கறவங்க எதுகிட்ட எவ்ளோ நெருங்கிப் போறாங்கன்னு பார்த்து, அதுவும் அப்படியே பழகிக்கும். அம்மாகிட்ட எல்லாரும் ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க. உங்ககிட்ட யாருமே வர்றதில்ல. அதனால..."

"அதனால?"

"கிட்ட போனா ஆபத்துன்னு, கேட்டுல கட்டியிருக்கற நாய்க்கு விடுற தூரத்தையே உங்களுக்கும் விடுது."

"யாரைப் பார்த்து நாய்ங்கற?" என்று ராமதாஸ் எழுந்து கத்தினார்.

ரோபோ சட்டென்று ஓரடி பின்வாங்கியது.

பழக்கதோஷத்தில் சரஸ்வதியும்.