அறுபதில் இருபத்தொன்று

"டிரைவர் அண்ணா குலுக்கல்ல திருட்டுத்தனம் பண்றாரு. என்கிட்ட ஆதாரம் இருக்கு."

பள்ளி வேனுக்குள் சட்டென்று சத்தம் அடங்கியது. சொன்னவள் ஏழாம் வகுப்புக்காரி. எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்பதால் வேனில் அவளுக்கு வக்கீல் என்றுதான் பெயர்.

டிரைவர் அப்போது வண்டியில் இல்லை. ஆபீசுக்குள் கையெழுத்து வாங்கப் போயிருந்தார். போனால் அரை மணி நேரமாவது ஆகும்.

வேனில் ஒன்பது பிள்ளைகள். டிரைவருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு முன் சீட்டு. அதற்கு நடக்காத சண்டை இல்லை. அதனால் டிரைவர் ஒரு வழி வைத்திருந்தார். சுருக்குப்பையில் ஒன்பது பழைய கேரம் காய்கள். ஒன்றிலிருந்து ஒன்பது வரை பெயின்ட்டில் நம்பர், ஆளுக்கு ஒன்று. தினமும் சாயங்காலம் அவர் பார்க்காமல் கையை விட்டு ஒரு காயை எடுப்பார். யார் நம்பரோ அவருக்கு அன்று முன் சீட்டு.

பருவத்தின் தொடக்கத்தில் கணக்கு டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். "ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செஞ்சு பாருங்க. எது எத்தனை தடவை வருதுன்னு குறிச்சு, அதோட நிகழ்தகவைக் கண்டுபிடிங்க. ரொம்ப நல்லா இருக்கறதைத் தலைமை ஆசிரியை முன்னாடி வாசிக்கச் சொல்வேன்."

மற்றவர்கள் நாணயம், தாயக்கட்டை என்று கிளம்பினார்கள். வக்கீல் இந்தக் குலுக்கலைப் பிடித்துக்கொண்டாள். அறுபது நாள், தேதியோடு நோட்டில் இருந்தது.

"அறுபதுல நாலாம் நம்பர் எத்தனை தெரியுமா? இருபத்தொண்ணு! ஆளுக்கு ஆறு, ஏழு தடவை வந்திருக்கணும்."

நான்காம் நம்பர் பொடிசு. இரண்டாம் வகுப்பு.

"எனக்கு அதிர்ஷ்டம்க்கா. எங்கம்மாகூட சொல்வாங்க" என்றான் பொடிசு பெருமையாக.

"அதிர்ஷ்டமாவது, மண்ணாவது! பையிலதான் ஏதோ கோளாறு. இப்பவே பார்த்துடறேன்."

கண்ணாடியில் தொங்கிய சுருக்குப்பையை எடுத்தாள். குலுக்கினாள். எடுத்தாள், குறித்தாள், திரும்பப் போட்டாள். தொண்ணூறு தடவை. பொடிசுதான் எண்ணிக்கை சொன்னான்.

நான்காம் நம்பர் பதினொன்று. மற்றவையும் எட்டு, பத்து, பன்னிரண்டு என்றுதான் வந்தன.

வக்கீல் மறுபடி எண்ணிப் பார்த்தாள். அதே பை, அதே காய். அவள் கைக்கு ஒழுங்காக வருகிறது, அவர் கைக்கு மட்டும் நான்கு ஓடி வருகிறது. அப்படியானால் கோளாறு பையில் இல்லை, கையில்!

கண்ணை மூடிக்கொண்டு நான்காம் காயைத் தடவினாள். விளிம்பில் நகம் தட்டியது. மெல்லிய அரம் வைத்துத் தேய்த்த வெட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

கண்டுபிடித்துவிட்டாள்! தலைமை ஆசிரியை முன்னால் நின்று வாசிப்பது போலவே இருந்தது அவளுக்கு.

டிரைவர் வருவது தெரிந்ததும் பையோடு இறங்கி ஓடி, நான்காம் காயை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது என்னண்ணா? நாளைக்கு இதை ஸ்கூல்ல வாசிக்கப் போறேன்."

டிரைவர் காயைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு வேனைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வக்கீலம்மா, அவனுக்குப் பின் சீட்டுல உட்கார்ந்தா குமட்டும். முதல் வாரம் வாந்தி எடுத்தான், ஞாபகம் இருக்கா? நீங்கள்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு எத்தனை கேலி!"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. முதலில் மூக்கைப் பொத்தியவள் அவள்தான்.

"அப்போ அவனை முன்னாடி உட்காரச் சொல்லிட வேண்டியதுதானே?"

"சொல்லியிருந்தா அவன் தினம் வாந்திக்காரன். குலுக்கல்ல விழுந்தா ராஜா. காலையில பார்த்தா முகம் வெளுத்திருக்கிற அன்னிக்குத்தான் அவன் காயைத் தடவி எடுப்பேன். தப்புதான். வாசிக்கறதுன்னா வாசிச்சுக்கோ. மேடம் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். அவன் காதுல மட்டும் விழாம பார்த்துக்க."

வக்கீல் காயைப் பையில் போட்டாள். ஆனாலும் பழக்கம் விடுமா? இன்னொரு காயை எடுத்துத் தடவினாள். இன்னொன்றை. எல்லாவற்றிலும் வெட்டு இருந்தது, அந்தந்த நம்பருக்குத் தகுந்தபடி.

"நாலுல மட்டும் போட்டிருந்தா போதுமே? ஒன்பதுலயும் ஏன்ணா?"

"நேரமாச்சு. ஏறும்மா" என்று சொல்லிவிட்டு டிரைவர் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

பொடிசு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். முகம் சுருங்கியிருந்தது.

"அக்கா, நான் ஏமாத்திட்டேனா?"

"சேச்சே. உனக்கு நிஜமாவே அதிர்ஷ்டம்டா. நான்தான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்."

வாழ்க்கையில் முதல்முறையாக வக்கீல் தன் வழக்கைத் தானே தள்ளுபடி செய்தாள். வீட்டுக்குப் போய் நாணயத்தை நூறு தடவை சுண்டிக்கொள்ளலாம்.

பின் சீட்டில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். இத்தனை நாள் நான்கையே துரத்தியதில் தன் நம்பரை அவள் சரியாகப் பார்க்கவே இல்லை. ஏழாம் நம்பர், அறுபது நாளில் மூன்றே தடவை.

முதல் தேதி, கால் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்த திங்கட்கிழமை. இரண்டாவது, பேச்சுப் போட்டிப் பட்டியலிலிருந்து அவள் பெயரை நீக்கிய நாள்.

மூன்றாவது, அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள். அன்று முன் சீட்டில் ஏறியபோது, 'இன்னைக்குப் பார்த்து நமக்கு அதிர்ஷ்டம் அடிச்சிருக்கே' என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது, நோட்டில் எழுதாமலே ஞாபகம் இருந்தது.