கறார் அக்காவுக்கு வந்த ஃபோன்

"உங்க பொண்ணு இன்னைக்கும் பெஞ்சுல உட்காரல. என்னால முடியாதும்மா. பேசாம வேற ஸ்கூல் பாருங்க."

ஃபோனை வைத்துவிட்டாள் வகுப்பு டீச்சர்.

பழைய ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வாங்கி விற்கிற கடை. விலையைக் கேட்ட ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கடைத்தெருவே 'கறார் அக்கா' என்று கூப்பிடும் கடைக்காரி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு வாங்க. விலை இதேதான் இருக்கும்."

ஷட்டரை இழுத்தாள்.

ஒரு மாதமாக இதே தொல்லை. அதுவும் வியாபாரம் படிகிற நேரம் பார்த்துத்தான் ஃபோன் வரும். 'எழுத்தைத் திருப்பித் திருப்பிப் போடறா.' 'பக்கத்துப் பிள்ளையை எழுத விடமாட்டேங்கறா.' நேற்று, 'இவளுக்குப் படிப்பே வராது.'

ஏன் வராது? எழுத்துகள் குழம்புகிற குறைபாடு, கூடவே ஓரிடத்தில் உட்கார விடாத ஏடிஎச்டி; சோம்பேறித்தனம் இல்லை என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடம் கொஞ்சம் கைகொடுத்தால் பிள்ளை மேலே வந்துவிடுவாள். அதைக் கேட்க வருஷ ஆரம்பத்திலேயே அவள் வீட்டுக்காரர் போனார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பார்க்கலாம்" என்றார்கள்.

"பார்க்கலாம்னு சொல்லிட்டாங்கடி" என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தார் மனுஷன்.

இன்று அவளே போனாள்.

தலைமை ஆசிரியையின் அறையில் வகுப்பு டீச்சரும் நின்றிருந்தாள். ஒல்லியான, பூஞ்சை உடம்பு. எங்கேயோ பார்த்த முகம். எங்கே என்று யோசிக்கிற நிலையில் அக்கா இல்லை.

"என் பொண்ணை வேற ஸ்கூலுக்குத் துரத்த இவங்க யாரு மேடம்? சேர்க்கும்போது நல்லா சிரிச்சுக்கிட்டுத்தானே சேர்த்தீங்க?"

"கோபப்படாதீங்கம்மா. நாளையிலேருந்து முதல் பெஞ்சுல உட்கார வைக்கிறோம். சரிதானே?"

அக்காவுக்குச் சூடு கொஞ்சம் இறங்கியது. முதல் பெஞ்சு என்றால் பரவாயில்லை. கைப்பையை எடுத்தாள்.

"அவளுக்கு அதுவே அதிகம் மேடம்" என்றாள் டீச்சர், தரையைப் பார்த்தபடி.

கைப்பை மறுபடி மேஜைமேல் வந்து விழுந்தது.

"என்ன அதிகம்? டாக்டர் என்னென்ன செய்யச் சொன்னார்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? சிறப்பு டீச்சர் வந்து தனியா சொல்லித்தரணும். நடுவுல எழுந்து நடக்க விடணும். பரீட்சையில கேள்வியை வாசிச்சுக் காட்டணும், நேரம் கூட்டித் தரணும். இதெல்லாம் இங்க நடக்கிற காரியமா?"

"ஏன் நடக்காது? அத்தனையும் வேணும். அதுல ஒண்ணு குறைஞ்சாலும் இந்த நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கப் போறதில்ல."

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேரம் கூட்டித் தரலாம், வாசிச்சும் காட்டலாம். சிறப்பு டீச்சர்னா அடுத்த வருஷம்..."

"அடுத்த வருஷம் வர்ற டீச்சர் இந்த வருஷப் பாடத்தை நடத்துவாங்களா?"

"ஒரு பிள்ளைக்காக எப்படிம்மா ஒருத்தரைப் போடறது?"

"மொத்த ஸ்கூலுக்கும் போடுங்க. வேற பிள்ளைங்களும் படிக்கட்டும். நானா குறுக்க நிக்கறேன்?"

"சரி, வாரத்துல ஒரு நாள் வரச் சொல்றேன்."

ஒரு நாளா? கிடைத்ததை வாங்கிக்கொண்டு போகலாமா என்று அக்காவே ஒரு கணம் அசந்தாள்.

"ஒரு நாளே போதும் மேடம்" என்றாள் டீச்சர். "அதுக்கு மேல இவ மண்டையில என்ன ஏறப் போகுது?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த அறையில் அக்காவின் குரலைத் தவிர வேறு யார் குரலும் கேட்கவில்லை. வாசலில் வந்து நின்ற பியூன் வந்த வழியே திரும்பிப் போனான். கடைசியில் தலைமை ஆசிரியை, அவள் எதிரிலேயே ஃபோனை எடுத்து, சிறப்பு டீச்சர் ஒருவரைத் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார். தினமும்.

வராந்தாவில் டீச்சரை மடக்கினாள் அக்கா.

"நடக்காதுன்னீங்களே, நடந்துச்சு பார்த்தீங்களா? இனிமே எனக்கு ஒரு ஃபோன் வரட்டும், அப்புறம் இருக்கு."

டீச்சர் திரும்பி, தலைமை ஆசிரியையின் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"இனிமே வராதுக்கா. வேலை முடிஞ்சிடுச்சு."

"என்ன வேலை?"

"சிறப்பு டீச்சர் வேணும்னு நானும் ரெண்டு வருஷமா கேட்டுட்டேன். எனக்கும் 'பார்க்கலாம்'தான். உங்க வீட்டுக்காரரும் வந்து நின்னாரு, பாவம். அப்பதான் ஒரு நாள் உங்க கடைக்கு ஃபிரிட்ஜ் வாங்க வந்தேன். விலையைக் குறைக்கச் சொல்லணும்னு வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்தேன். நீங்க பேசின பேச்சுல, சொன்ன விலைக்கே வாங்கி, வேண்டாத ஸ்டெபிலைசர் ஒண்ணையும் சேர்த்து வாங்கிட்டுப் போனேன். மேடத்தோட பேச இவங்கதான் சரின்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். கோபம் வராம நீங்க கடையை விட்டு இறங்க மாட்டீங்களே?"

அக்காவுக்கு இப்போது அந்த முகம் ஞாபகம் வந்தது.

"அதுக்காகப் படிப்பே வராதுன்னு சொல்லுவீங்களா?"

"அதைச் சொல்லிட்டு நேத்து எனக்குச் சோறே இறங்கல. அவ நல்லா வருவாக்கா."

அக்கா குரலைத் தணித்துப் பேசினாள். கடை வைத்த நாளிலிருந்து இது முதல் தடவை.

"என் பொண்ணு ஒருத்திக்காகவா டீச்சர் இத்தனை பேச்சு வாங்கினீங்க?"

"ஒருத்தி இல்லக்கா. வகுப்புல அவளை மாதிரியே இன்னும் நாலு பேர் இருக்காங்க. அவங்க அப்பா அம்மால்லாம் என்னை மாதிரி... ஸ்டெபிலைசரையும் சேர்த்து வாங்கிட்டுப் போறவங்க."