மூன்று பூச்சு மெழுகு

"இன்னும் ஒரு தட்டு தட்டுங்க, தம்பி" என்றார் கலியாணசுந்தரம். சேதுராமன் மர ஆப்பை இடுக்கில் வைத்து ஓங்கித் தட்டினான். ஆப்புதான் உடைந்தது.

காஜா பெராங் பகுதியில் அவர் வீட்டுக்குப் பின்னால் பழைய மரச் சம்பான் படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதை அச்சாக வைத்து சேதுராமன் செய்த ஃபைபர்கிளாஸ் படகு, தொப்பியின் மேல் இன்னொரு தொப்பி மாதிரி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து இழுத்தும் நூலளவுகூடக் கழலவில்லை.

படகு மிதந்தால்தான் அவர் மகள் மல்லிகாவைப் பெண் பார்க்க வரலாம். அது கலியாணசுந்தரத்தின் நிபந்தனை.

"மெர்டேக்கா, சுதந்திரம்னு கொடி ஏத்தி அஞ்சு வருஷமாச்சு. நாடே சொந்தக் கால்ல நிக்குது. எனக்கு வர்ற மாப்பிள்ளை சொந்தக் கையால ஒரு சாமானாவது செஞ்சு காட்ட வேணாமா?" என்று இரண்டு மாதத்துக்கு முன் கேட்டிருந்தார். அச்சுக்குத் தன் சம்பானையே கொடுத்த பெருந்தன்மைக்காரரும் அவர்தான்.

சேதுராமன் ரப்பர் கம்பெனிக் குமாஸ்தா. அதுவரை அவன் செய்த ஒரே படகு காகிதத்தில். ஆனால் தெங்கேராவில் நடந்த மாலை வகுப்பில் ஃபைபர்கிளாஸ் படகு செய்யும் கையேடு ஒன்று கிடைத்தது. கண்ணாடியிழைத் துணியையும் பிசினையும் சிங்கப்பூர் போய் வாங்கி வந்தான். பிசின் வாடையில் பஸ்ஸின் பின்பாதி முழுவதும் அவன் ஒருவனுக்கே கிடைத்தது.

நம்பிக்கை குறையும்போதெல்லாம் சட்டைப்பையிலிருந்து மல்லிகாவின் படத்தை எடுத்துப் பார்ப்பான். பெண் ஈப்போவில் அத்தை வீட்டில் தையல் படிக்கிறாள் என்று சொல்லியிருந்தார்கள். சட்டைப்பைக்கு அளவாக ஒரு பக்கம் கத்தரித்த படம் அது. அவள் தோளோரம் வெள்ளை லேஸ் கொஞ்சம் தெரிந்தது. ரவிக்கை லேஸாக இருக்கும் என்று எண்ணி, 'தையலில் நல்ல ரசனை' என்று நோட்டில் குறித்துக்கொண்டான்.

"ஒட்டாம இருக்க மெழுகு பூசணும்னு சொன்னீங்களே, பூசினீங்களா?"

"மூணு பூச்சு, மாமா."

"மாமான்னு இப்பவே கூப்பிடாதீங்க. முதல்ல மிதக்கட்டும்."

சேதுராமன் நோட்டைப் புரட்டினான். மெழுகுக்கு எதிரே மூன்று டிக் இருந்தது. பூசிய மறுநாள் சம்பானில் மண்ணெண்ணெய் வாடை அடித்ததும், கேட்டபோது "கரையானுக்கு" என்று அவர் சொன்னதும்கூட எழுதியிருந்தது.

"டிக் இருக்கு, ஐயா."

"டிக் போட்டா பூசினதா ஆயிடுமா?"

அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பூசிவிட்டு டிக் போட்டோமா, டிக் போட்டுவிட்டுப் பூச மறந்தோமா? பூட்டிய கதவைத் திரும்ப வந்து நான்கு தடவை இழுத்துப் பார்க்கிறவன் அவன்.

"ரெண்டையும் சேர்த்தே தண்ணியில விட்டுப் பார்க்கலாமா?" என்று மெல்லக் கேட்டான்.

அவர் மறுக்கவில்லை. லோரிகூட அவரே பிடித்து வந்தார்.

கிளேபாங் கடற்கரையில் ஆறு பேர் இரண்டையும் ஒன்றாக நிமிர்த்தித் தூக்கி நீரில் இறக்கினார்கள். படகு வாத்து போல் ஜம்மென்று மிதந்தது.

"மிதக்குது மாமா! மிதக்குது!" சேதுராமன் இடுப்பளவு நீரில் நின்று குதித்தான்.

"மிதக்குறது என் சம்பான், தம்பி. உங்க படகு அதைப் புடிச்சுக்கிட்டுக் கூட வருது, அவ்வளவுதான்."

சேதுராமன் யோசித்துப் பார்த்தான். எந்தப் பக்கம் யோசித்தாலும் அவர் சொன்னதுதான் சரியாகப் பட்டது. மெதுவாகக் கரையேறி, மல்லிகாவின் படத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, அங்கே நின்ற கலியாணசுந்தரத்தின் மனைவி சிவகாமியிடம் நீட்டினான்.

"உங்க சம்பானையும் கெடுத்துட்டேன். மிச்சப் பிசினை நீங்களே வச்சுக்குங்க. மல்லிகாகிட்ட... மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்கம்மா."

"மனசை விட்டுடாதீங்க, தம்பி" என்றாள் சிவகாமி.

நனைந்த கால்சட்டையோடு அவன் சைக்கிளை மிதித்துத் தெருமுனையில் மறைந்தான். சிவகாமி சம்பானுக்குள் கைவிட்டு மூலை மூலையாகத் தடவினாள்.

"சொட்டுத் தண்ணி இல்லீங்க! மூணு வருஷ ஒழுக்கு நின்னுடுச்சு!"

"பின்னே? அந்த மூணு பூச்சையும் சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சு, சவுக்காரம் போட்டுக் கழுவறதுக்குள்ள என் தோள்பட்டை கழண்டு போச்சு" என்றார் கலியாணசுந்தரம்.

"பாவம், நல்ல பையன்."

"இவனுக்கு முன்னாடி வந்து கிணறு வெட்டினவனும் நல்ல பையன்தான். அடுத்தது கூரை. செங் ஊர்ப் பக்கம் தச்சு வேலை தெரிஞ்ச வரன் ஒண்ணு இருக்காம். நாளைக்கே படத்தை அனுப்பணும்."

சிவகாமி கையிலிருந்த படத்தை வெளிச்சத்தில் பிடித்து, தோளோர லேஸை உற்றுப் பார்த்தாள்.

"அனுப்பறதுக்கு முன்னாடி, மல்லிகா தோள்ல சாஞ்சிருக்கிற நம்ம பேரனோட தொப்பி தெரியாதபடி வெட்டிடுங்க."